ஐம்பத்தோராவது மீட்டர்

(‘பிள்ளைகளின் உடல் பருமனுக்குப் பெரிதும் காரணம் கடையா? வீடா?’ என்ற விவாதத்தில் ‘வீடே’ அணியில் ஒரு தந்தை பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மா, கடையில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் கேட்கிறேன், அந்தப் பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யாருங்க? நாலாம் வகுப்புப் பிள்ளையா சம்பளம் வாங்குது? (சிரிப்பு)

என் வீட்டுக் கதையையே சொல்றேன். என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் நடந்து போனால் பத்து நிமிஷம். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவேன். அது பாசமாம்! சாயங்காலம் கையில் செல்போன். சத்தம் போடாம இருக்கானே, அது நல்ல பழக்கமாம்! ராத்திரி டி.வி. முன்னால் தட்டு. எத்தனை தோசை உள்ளே போச்சுன்னு ஊற்றினவளுக்கும் தெரியாது, தின்றவனுக்கும் தெரியாது. “வளர்ற பிள்ளை, கணக்குப் பார்க்காதே” என்பார் என் அம்மா. வளர்ந்தான்... அகலத்தில்! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. நானும் இப்படித்தான் சிரிச்சேன். “டேய் குண்டு” என்று செல்லமாகக் கூப்பிட்டேன். போன வருஷம் பள்ளியில் விளையாட்டு விழா. வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். ராத்திரி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்: “ஓடினா எல்லாரும் குண்டுன்னு சிரிப்பாங்கப்பா.” நடுவர் அவர்களே, அந்தப் பெயரை அவனுக்கு முதலில் வைத்தது பள்ளிக்கூடம் இல்லை. நான்! (அரங்கில் அமைதி)

டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் விசாரித்தது அவனை அல்ல, என்னை! “எத்தனை மணிக்குத் தூங்குவான்? தாகத்துக்கு என்ன குடிப்பான்?” பாட்டில் கலர்தான் சார் என்றேன். “300 மில்லியில் சுமார் 30 கிராம் சர்க்கரை. ஆறேழு ஸ்பூன். காபியில் இத்தனை போட்டுக் குடிப்பீங்களா?” என்றார். பெரும்பாலும் பெரியவங்களுக்கு வந்துகொண்டிருந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் கல்லீரல் கொழுப்பும் இப்போது பிள்ளைகளுக்கே வருகிறதாம். “பட்டினி போடாதீங்க, திட்டாதீங்க. தினம் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்க” என்றார். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சொல்வதும் அந்த 60 நிமிஷம்தான்.

கடைக்குச் சட்டம் போடணும் என்கிறது எதிர் அணி. போட்டாச்சுங்க! கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. சரி... ஐம்பத்தோராவது மீட்டரில் வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுக்கிறது யாரு? நாமதானே! (கைதட்டல்)

இப்போது நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கு நடந்தே போகிறோம். பாட்டிலில் தண்ணீர். சாப்பிடும்போது டி.வி. கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்! அந்தப் பட்டப் பெயரும் எங்க வீட்டில் கிடையாது.

என் மகன் ஒன்றும் இளைத்துத் துரும்பாகிவிடவில்லை. இந்த வருஷ ஓட்டப் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தான். ஆனா... ஓடினான்! வீடு கெடுத்ததை வீடுதான் திருத்தணும். (பலத்த கைதட்டல்)