நள்ளிரவில் நாட வேண்டிய துணை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய கை நம்முடையது. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும், வீட்டுக்கு வீடு கல்லூரி மாணவர் நிறைந்துள்ள இந்தச் சந்தாபுராவில் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை.

சென்ற ஆண்டு தேர்வுக் காலத்தில் நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவன் ஊணும் உறக்கமும் இழந்து அறைக்குள் அடைந்து கிடந்தான். "நான் இருந்து யாருக்கு என்ன பயன், அம்மா?" என்று ஒரு நள்ளிரவில் கேட்டான். தாயார் திருஷ்டி கழித்தார். தந்தையாரோ, "நாலு பேருக்குத் தெரிந்தால் தங்கையின் திருமணம் என்னாவது?" என்று கலங்கினார். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு மானத்தைப் பற்றிய கவலை இயல்பே. ஆனால் அக்கேள்வி சோம்பலின் குரலன்று. நெஞ்சுவலிபோல் அன்றிரவே கவனிக்க வேண்டியது. நல்ல காலம், மறுநாளே சிகிச்சைக்கு அழைத்துச் சென்றனர். அவனும் தேறி வருகிறான்.

உதவி நம் ஓசூர்ச் சாலையிலேயே இருக்கிறது. நகரை நோக்கிச் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974-இல் ஒன்றாகி உருவான நிலையம் அது. அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது.

அதற்கு முன் தொலைபேசியும் உண்டு. 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் செவிமடுப்பார். தேவையெனில் மனநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பார். காரணமின்றி ரயிலின் அபாயச் சங்கிலியை இழுத்தால் அபராதம் உண்டு. இந்தச் சங்கிலிக்கு அதுவும் இல்லை! உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 112.

"போலீசு வருமோ?" என்று சிலர் அஞ்சுவர். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. சிகிச்சை விவரத்தைக் காக்கும் கடமையையும் அச்சட்டம் விதிக்கிறது.

100 மாணவருக்குக் குறையாத கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. கல்லூரியில் சேர்க்கும்போது பேருந்துக் கட்டணத்தைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், அந்த ஆலோசகர் எந்த அறையில் இருக்கிறார் என்றும் கேட்கலாமே!

பிள்ளை அவ்வாறு பேசினால் தனியே விடாதீர்கள். அடுத்த வீட்டுப் பையனின் மதிப்பெண்ணை அப்போது எடுக்க வேண்டாம். "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது மருத்துவர் கண்ட உண்மை. பிறகு அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவன் அருகிலிருந்தே அந்த எண்ணைச் சுழற்றுங்கள்.

சங்க வாயிலில் 14416 என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார்.