கைப்பேசியில் வரும் ஜெபக் குறிப்பு

(அனுமந்தையில் கூடிய ஆதரவாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாட்ஸ்அப், யூடியூப், பேஸ்புக் ஆகியவற்றை ஆராதனையிலும் ஜெப வாழ்க்கையிலும் எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மரக்காணம் உப்பளக் கரையில் இதைப் பேசுவது பொருத்தமே. இங்கே உப்பு வாரும் சகோதரிகள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க, இருட்டிலேயே பாத்திக்குப் போய்விடுகிறார்கள். உப்புக் காலத்தில் ஞாயிறும் பலருக்கு வேலை நாள்தான். ஆலய மணி அடிக்கும்போது அவர்கள் உப்பு நீரில் நிற்கிறார்கள். மாலையில் பேத்தியின் கைப்பேசியை வாங்கி அன்றைய பிரசங்கத்தைக் கேட்கும் தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். இதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது இந்தத் தாய்மாரின் நிலை நம் எல்லாருக்கும் வந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர் பண்டிகை பூட்டிய ஆலயங்களோடு கடந்துபோயிற்று. போதகர்கள் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கித்தார்கள். நாம் வீட்டில் யூடியூபுக்கு முன் அமர்ந்து கேட்டோம். நோயாளிக்கு இது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அசிசி நகரில் வாழ்ந்த கிளாரா அம்மையார், படுக்கையில் கிடந்தபடியே கிறிஸ்துமஸ் ஆராதனையைத் தம் அறைச் சுவரில் கண்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் கத்தோலிக்க சகோதரர்கள் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார்கள். எங்கள் வார்டில் கால் எலும்பு முறிந்து கிடப்பவருக்கு அந்தச் சுவரின் வேலையை இன்று கைப்பேசி செய்கிறது.

எழுந்து நடக்கக்கூடியவருடைய காரியம் வேறு. யோவான் தம் இரண்டாம் நிருபத்தில், சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது, நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று கடிதத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார். கடிதம் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் அதோடு திருப்தியடைந்துவிடவில்லை.

இனி எங்கள் மனதை அதிகம் வருத்துகிற காரியத்துக்கு வருகிறோம். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகளுக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகும் நோய். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தமும் பேசி முடித்திருந்தார்கள். வேறோர் ஊரிலுள்ள ஜெபக்குழு ஒன்றில், பிரியமான ஒருவர், அவளுடைய புகைப்படம், பெயர், கிராமம், வியாதி எல்லாவற்றையும் போட்டு ஊக்கமாய் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்பினால் செய்தார், அதில் சந்தேகமில்லை. செய்தி ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்குத் தாவி, நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டாரின் கைப்பேசிக்கே போய்ச் சேர்ந்தது. சம்பந்தம் நின்றது. அவள் மாத்திரைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

பாதியில் மருந்தை விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். பிறகு சிகிச்சையும் கடினமாகும். எங்கள் செவிலிய சகோதரி மூன்று முறை அந்த வீட்டுக்கு நடந்தார். முதல் இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை தாயார் மோர் கொடுத்து உட்காரவைத்தார். மகள் திரும்பவும் சிகிச்சைக்கு வந்தாள், குணமும் ஆனாள். அந்தச் சம்பந்தம் மட்டும் திரும்பவில்லை.

எச்.ஐ.வி. நோயாளியின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மற்ற நோயாளிகளுக்கும் அந்த மரியாதை உண்டல்லவா? ஆகவே எங்கள் ஜெபக் குறிப்புகளில் பெயரும் படமும் இராது. "22 வயதுச் சகோதரி, நெஞ்சுவியாதி" என்று மட்டும் இருக்கும். பெயர் சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு ஆள் தெரியாதா என்று எங்கள் வார்டுப் பாட்டி ஒருவர் கேட்டார். அதைவிட நன்றாக எங்களால் சொல்ல முடியாது.

இன்னொன்று. நோயாளியின் படத்தோடு வங்கிக் கணக்கு எண் வந்தால், அது எங்கள் பெயரிலேயே வந்தாலும், அலுவலகத்தை விசாரித்த பிறகே காணிக்கை அனுப்புங்கள். படத்தை எடுத்து எண்ணை மாற்றுகிற மோசக்காரர்கள் இருக்கிறார்கள். ஏமாந்துபோனால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் ஞாயிறு. எங்கும் வெள்ளம், மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் ஒவ்வொன்றாய் உயிர் விட்டன. கைப்பேசி ஆராதனையும் அன்று இல்லை. வரக்கூடியவர்கள் முழங்கால் நீரில் நடந்து வந்தார்கள். பாட்டுப் புத்தகம் நனைந்திருந்தபடியால் மனப்பாடமாய்ப் பாடினோம். பிறகு கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றித் திறந்தபோது கூப்பிய கைப் படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் நன்றி. அவற்றின் நடுவே ஒரு சகோதரர், "போர்வை எத்தனை வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அவருக்குத்தான் முதலில் பதில் அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் நாங்கள் அனுப்பும் குரல் செய்தி மூன்று நிமிடம்தான். கேட்க விரும்புகிறவர்கள் உங்கள் எண்ணை அலுவலகத்தில் கொடுங்கள். கைப்பேசி இல்லாதவர்கள் ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். ஜெபக் குறிப்புகளைத் தபாலில் அனுப்புகிறோம்.