மேற்கு சகாராவும் ‘மக்கள்’ என்னும் சொல்லும்

(ஆனேக்கல்லில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொராக்கோவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் வேலை முடித்துவிட்டு நேராக இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களுக்கு, ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு முடியாட்சியைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற ஐயம் எழலாம். அதற்கான விடை நம் வட்டத்துக் கேழ்வரகு வயலிலேயே இருக்கிறது. அங்கே இடப்படும் டிஏபி உரத்திற்குப் பாஸ்பேட் பாறை தேவை. நம் நாட்டில் கிடைப்பது போதாது. வெளியிலிருந்துதான் வர வேண்டும். உலகில் கண்டறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் கணக்கில் இருக்கிறது. அதன் மிகப் பெரும் பகுதி மொராக்கோவின் சொந்த மண்ணில் இருப்பது உண்மையே. ஆயினும் அக்கணக்கில் இன்னொரு நாட்டு மக்களின் மண்ணும் சேர்க்கப்பட்டுள்ளது. அந்த நாடு மேற்கு சகாரா.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1912ஆம் ஆண்டு ஃபெஸ் ஒப்பந்தத்தின் மூலம் மொராக்கோ பிரான்சின் ‘பாதுகாப்பு’க்குள் கொண்டுவரப்பட்டது. வடபகுதி ஸ்பெயினுக்குப் பங்காகக் கிடைத்தது. அங்கே அப்துல் கரீம் தலைமையில் ரிஃப் மலைமக்கள் எழுந்து, 1921இல் அன்வால் போரில் ஸ்பானியப் படையை முறியடித்தனர். ஸ்பெயின் அம்மக்கள்மீது நச்சுவாயுக் குண்டுகளை வீசியது. பிரான்சும் போரில் இறங்கியபோது, அதை எதிர்த்து 1925 அக்டோபர் 12 அன்று பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகள் வேலைநிறுத்தத்திற்கு அறைகூவல் விடுத்தனர். தன் நாட்டு அரசின் காலனியப் போரை எதிர்த்து அந்நாட்டுத் தொழிலாளர்களே வீதிக்கு வந்த அந்த நாளை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1956இல் மொராக்கோ விடுதலை பெற்றது. விடுதலைக்குப் பிறகும் அரண்மனையும் ஐரோப்பிய ஆளும் வட்டங்களும் ஒன்றுக்கொன்று உதவியே வந்தன. மொராக்கோவின் இடதுசாரித் தலைவர் மெஹ்தி பென் பர்க்கா, ஹவானாவில் நடைபெறவிருந்த மூன்று கண்டங்களின் மாநாட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்த வேளையில், 1965 அக்டோபர் 29 அன்று பாரிஸ் நகரத் தெருவில் பிரெஞ்சுக் காவலர்களாலேயே வண்டியில் ஏற்றப்பட்டார். அவரது உடல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே நாம் விமர்சிப்பது மொராக்கோவின் அரசை. அந்நாட்டு உழைக்கும் மக்களை அன்று.

மேற்கு சகாரா ஸ்பெயினின் காலனியாக இருந்தது. 1973இல் போலிசாரியோ முன்னணி அங்கே விடுதலைப் போரைத் தொடங்கியது. 1975 அக்டோபரில் பன்னாட்டு நீதிமன்றம், அம்மக்களின் தன்னுரிமையைத் தடுக்கும் அளவிற்கான இறையாண்மை உறவு எதுவும் மொராக்கோவுக்கு அங்கு இல்லை என்று கருத்துரைத்தது. அடுத்த மாதமே மொராக்கோ மன்னர் மூன்றரை லட்சம் பேரை எல்லை தாண்ட அனுப்பினார். ஸ்பெயின் மாட்ரிட்டில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, நிலத்தை மொராக்கோவிடமும் மௌரித்தானியாவிடமும் விட்டுவிட்டு வெளியேறியது. 1976 பிப்ரவரி 27 அன்று சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. 1991இல் ஐ.நா. மேற்பார்வையில் போர்நிறுத்தம் வந்தது. பொதுவாக்கெடுப்பு வாக்குறுதி அளிக்கப்பட்டது. அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடைபெறவில்லை. சுமார் 2,700 கிலோமீட்டர் நீளமுள்ள மணல்மதில் நாட்டை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மதிலின் ஒருபுறம் பூ கிரா சுரங்கத்துப் பாஸ்பேட் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளப் பட்டையில் கடற்கரைக்கு ஓடுகிறது. மறுபுறம், அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்தில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சஹ்ராவி மக்கள் ஐம்பது ஆண்டுகளாக அகதி முகாம்களில் வாழ்கின்றனர்.

இனி ஐரோப்பாவிற்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோவுடன் வேளாண் வணிகத்திற்கும் மீன்பிடிப்பிற்கும் ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. மீன்பிடி ஒப்பந்தத்தின்கீழ் ஐரோப்பியக் கப்பல்கள் அள்ளிய மீனில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மேற்கு சகாராவின் கடலிலிருந்து வந்தது. போலிசாரியோ முன்னணி வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2016இலும் 2018இலும், மேற்கு சகாரா மொராக்கோவின் பகுதியன்று. எனவே இவ்வொப்பந்தங்கள் அதற்குப் பொருந்தா என்றது. ஒன்றியம் 2019இல் அப்பகுதியையும் வெளிப்படையாகச் சேர்த்துப் புதிய ஒப்பந்தங்களைச் செய்தது. 2024 அக்டோபர் 4 அன்று அவற்றையும் செல்லாதவை என்று நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் மையத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவை என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தன. ஒன்று ‘பாப்புலேஷன்’, மற்றொன்று ‘பீப்பிள்’. ஐரோப்பிய ஆணையம், ‘பாப்புலேஷனைக் கலந்தாலோசித்தோம்’ என்று வாதிட்டது. அதாவது, இன்று அந்நிலத்தில் குடியிருப்போரை. அவர்களுள் மொராக்கோவிலிருந்து வந்து குடியேறியோரும் அடங்குவர். நீதிமன்றமோ, ஒப்புதல் தரவேண்டியது ‘பீப்பிள்’ என்றது. அதாவது, அந்நிலத்தின் மக்களினம். அவர்களில் பெரும்பாலோர் இன்று அந்நிலத்துக்கு வெளியே வாழ்கின்றனர். தமிழில் இரண்டையும் ‘மக்கள்’ என்றே நாம் எழுதிவிடக்கூடும். அப்படி எழுதினால் வழக்கே மறைந்துவிடும். கலந்தாலோசனை வேறு, ஒப்புதல் வேறு என்பதும் அவ்வாறே. தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிர்வாகம் ‘தொழிலாளர்களிடம் பேசிவிட்டோம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், சங்கம் கையொப்பமிடுவதும் ஒன்றல்ல.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. பிரான்சின் கான்ஃபெடராசியோன் பேசான் என்னும் விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்கு அது. மேற்கு சகாராவில் விளைந்த தக்காளியிலும் முலாம்பழத்திலும் ‘மேற்கு சகாரா’ என்றே பிறப்பிடம் குறிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

ஓராண்டு கழிந்தது. 2025 அக்டோபரில் ஒன்றியமும் மொராக்கோவும் புதிய ஏற்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. அதன்படி பெட்டியில் மொராக்கோ வகுத்துள்ள நிர்வாகப் பகுதிகளின் பெயர்கள் இடம்பெறும். நாட்டின் பெயர் இடம்பெறாது. மக்களுக்குத் திட்டவட்டமான நன்மை கிடைக்குமானால் ஒப்புதல் இருப்பதாகக் கருதலாம் என்று தீர்ப்பில் இருந்த ஒரு சிறு வாயிலை, ஆணையம் பெருவழியாக்கிக்கொண்டது.

ஏன் இந்த அவசரம்? மீனும் தக்காளியும் மட்டும் காரணமல்ல. 2021 மே மாதம், போலிசாரியோ தலைவர் ஸ்பெயினில் மருத்துவம் பெற்றதைக் கண்டு சினந்த மொராக்கோ எல்லைக் காவலைத் தளர்த்தியது. இரண்டே நாட்களில் சுமார் 8,000 பேர் செயுத்தாவுக்குள் புகுந்தனர். 2022 மார்ச்சில் ஸ்பெயின் தன் நிலையை மாற்றி, மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தை ஆதரித்தது. அவ்வாண்டு ஜூன் 24 அன்று மெலிய்யா வேலியருகே குறைந்தது 23 பேர் மாண்டனர். வறுமையால் புலம்பெயரும் கறுப்பின இளைஞர்களின் உயிர் இந்தப் பேரத்தில் நாணயமாகப் புழங்குகிறது. அமெரிக்கா 2020இலேயே, மொராக்கோ இஸ்ரேலுடன் உறவு கொள்வதற்கு விலையாக, மேற்கு சகாராவை மொராக்கோவுக்கு உரியதாக ஏற்றுவிட்டது. பிரான்சு 2024இல் அவ்வழியே சென்றது.

தோழர்களே, ஐரோப்பாவைச் சாடுவது எளிது. நம் நாடு செய்தது என்ன? 1985 அக்டோபரில் இந்தியா சஹ்ராவிக் குடியரசை அங்கீகரித்தது. 2000 ஜூனில், வாஜ்பாய் ஆட்சியில், அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. 2002இல் பொதுத்துறையிலிருந்த பாரதீப் பாஸ்பேட்ஸ் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகள், மொராக்கோவின் ஓசிபி நிறுவனமும் ஓர் இந்தியத் தனியார் குழுமமும் சேர்ந்த கூட்டுக்கு விற்கப்பட்டன. மங்களூர் உரத் தொழிற்சாலையும் அண்மையில் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடி முடிச்சுப் போட நான் முனையவில்லை. வெளியுறவில் கொள்கை கைவிடப்பட்ட காலமும் உள்நாட்டில் பொதுத்துறை கைவிடப்பட்ட காலமும் ஒன்றே என்பதை மட்டும் கவனியுங்கள்.

விவசாயிக்கு உரம் வேண்டும்; அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. மொராக்கோவிடம் வாங்கவே கூடாது என்பதும் நம் கோரிக்கை அல்ல. பிரெஞ்சு விவசாயிகள் தக்காளிக்குக் கேட்டதை நாம் பாஸ்பேட்டுக்குக் கேட்கலாம்: இறக்குமதியாகும் பாறை எந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது என்பதை அரசு வெளியிட வேண்டும். சஹ்ராவி மக்களின் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டதை வாங்கலாகாது. 1985ஆம் ஆண்டின் அங்கீகாரம் மீட்கப்பட வேண்டும். உங்கள் விவசாய சங்கக் கூட்டங்களில் உர விலையைப் பற்றிப் பேசும்போது, இக்கோரிக்கைகளையும் உடன் சேர்த்துப் பேசுங்கள்.

1925இல் பாரிஸ் தொழிலாளர்கள் ரிஃப் மலையைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். நாமும் திந்தூஃபைக் கண்டதில்லை. ஆனால் அங்கிருந்து எழும் கேள்வி ஆனேக்கல் வயலில் கிடக்கும் மூட்டை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு நமக்கும் உண்டு.