மன்னித்த முன்னணி வீரர்

உதைபந்தாட்டத்தில் முன்னணி வீரரின் பணி, பார்ப்போருக்கு மிக எளிதாகத் தோன்றும். பந்து வரும், அவர் அதனை வலைக்குள் செலுத்துவார், மக்கள் ஆரவாரிப்பர். ஆயினும் அப்பணியிற் சிறந்தோர் யாவருக்கும் வேறொரு பயிற்சி இன்றியமையாதது. பத்து முறை பந்து தவறினும் பதினோராம் முறை பழைய நினைவு ஏதுமின்றி ஓட வேண்டும். தவறியதை நெஞ்சிற் சுமப்பவன் அடுத்த பந்துக்குப் பிந்திவிடுவான். இந்தப் பயிற்சியை விளையாட்டுக்கு அப்பாலும் கொண்டு சென்றவர் ஸ்பானிய நாட்டு வீரர் ஒருவர். என்றிக்கே காஸ்ட்ரோ கொன்சாலெஸ் என்பது அவரது முழுப் பெயர். உலகம் அறிந்த பெயரோ 'கினி' என்பதாகும்.

ஸ்பெயினின் வடகரையில் மலையும் கடலும் நெருங்கி நிற்கும் மாநிலம் அஸ்தூரியாஸ். நிலக்கரியும் உருக்கும் அம்மக்களின் பிழைப்பாக இருந்தன. அங்கே ஓவியேதோ நகரில் 1949 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 23 ஆம் நாள் கினி பிறந்தார். அவிலேஸ் நகரின் உருக்காலையைச் சார்ந்த கழகத்தில் ஆடிப் பழகி, 1968 இல் கிஹோன் நகரின் ஸ்போர்ட்டிங் கழகத்திற் சேர்ந்தார். அப்பொழுது அக்கழகம் இரண்டாம் பிரிவில் இருந்தது. 1970 இல் அது முதற் பிரிவுக்கு உயர்ந்ததென்றால், அவ்வாண்டு இரண்டாம் பிரிவில் மிகுதியான கோல்களை அடித்த கினியின் பங்கு அதிற் சிறிதன்று.

தலையாலும் காலாலும் ஒருங்கே கோலடிக்க வல்லவர் அவர். பந்து எங்கே விழும் என்பதைப் பிறருக்கு முன்னரே அறிந்து, அங்கே போய் நிற்பார். தரையைத் தொடுமுன்னரே பந்தை உதைத்து வலைக்குள் சேர்ப்பார். இவற்றைக் கண்ட மக்கள் அவருக்கு 'மந்திரவாதி' என்று பொருள்படும் பட்டப் பெயரைச் சூட்டினர். ஸ்பானிய முதற் பிரிவில் ஒவ்வொரு பருவத்திலும் மிகுதியான கோல்களை அடிப்பவருக்கு 'பிச்சிச்சி' என்னும் விருது வழங்கப்படுவது வழக்கம். கினி அதனை ஐந்து முறை பெற்றார். 1976 ஆம் ஆண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. முதற் பிரிவில் அதிக கோலடித்தவர் கினி. அவருடைய கழகமோ அதே ஆண்டில் இரண்டாம் பிரிவுக்குக் கீழிறங்கிற்று. புகழுடைய வீரர் அத்தகைய வேளையிற் பெரிய கழகமொன்றைத் தேடிப் போவது இயல்பு. கினி போகவில்லை. கீழே இறங்கிய கழகத்தோடு தாமும் இறங்கி, அடுத்த ஆண்டிலேயே அதனை மேலே ஏற்றினார். 1979 இல் ஸ்போர்ட்டிங் கழகம் நாட்டின் லீக் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பெற்றது.

முப்பது வயதில், 1980 ஆம் ஆண்டுக் கோடையில், அவர் பார்சலோனாக் கழகத்திற் சேர்ந்தார். அங்கும் கோல்கள் குவிந்தன. 1981 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் லீக் கிண்ணம் அக்கழகத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நாடோ அப்பொழுது பெருங் கலக்கத்தில் இருந்தது. பெப்ரவரி 23 ஆம் நாள் ஆயுதந் தாங்கியோர் நாடாளுமன்றத்துட் புகுந்து ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். அந்த அச்சம் தணிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

மார்ச் முதலாம் நாள் பார்சலோனா, ஹெர்க்குலேஸ் கழகத்தை ஆறுக்குப் பூச்சியம் என வென்றது. இரண்டு கோல்கள் கினியுடையவை. அன்றிரவே அவரைத் துப்பாக்கி முனையிற் கடத்திச் சென்றனர். கடத்தியோர் எந்த அரசியற் குழுவையும் சேர்ந்தவரல்லர். வேலையற்றுப் பணமுடையில் உழன்ற மூவர். அவர்கள் கேட்ட கப்பம் 10 கோடி பெசேட்டா. சரகோசா நகரில் ஒரு தொழிற்கூடத்தின் நிலத்தடி அறையிலே அவர் அடைத்து வைக்கப்பட்டார்.

அவரில்லாத அணிக்கு ஆட மனம் வரவில்லை. தோழர் சிறையிருக்கத் தாம் ஆட முடியாதென ஜேர்மானிய வீரர் ஷுஸ்டர் வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் ஆட்டங்கள் நிறுத்தப்படவில்லை. அத்லெத்திக்கோ மட்ரிட் கழகத்திடம் பார்சலோனா தோற்றது. அதன் பின்னரும் வெற்றி முகம் காட்டவில்லை. கால்கள் மைதானத்தில் ஓடின. உள்ளங்கள் காணாமற்போன மனிதனையே தேடின. லீக் கிண்ணம் கைநழுவிப் போயிற்று.

கப்பப் பணத்தைப் பெறுவதற்கெனச் சுவிற்சர்லாந்து வங்கியொன்றிற் கணக்குத் திறந்திருந்தமை கடத்தியோருக்கே வினையாயிற்று. அந்நாட்டு அதிகாரிகள் ஒத்துழைத்தனர். பணம் எடுக்க வந்தவன் பிடிபட்டான். மார்ச் 25 ஆம் நாள் பொலிஸார் அந்த நிலத்தடி அறையைக் கண்டுபிடித்து, கினியை உயிருடன் மீட்டனர்.

மீண்டு வந்தவர் செய்தது யாது? முதலாவதாக, மறுபடியும் கோலடித்தார். ஏறத்தாழ ஒரு மாதத்தைச் சிறையில் இழந்தும், 20 கோல்களோடு அவ்வாண்டின் பிச்சிச்சி விருதை அவரே பெற்றார். ஜூன் 18 ஆம் நாள் மட்ரிட் நகரில் அரசர் கிண்ணத்துக்கான இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரே நின்றது அவரை வளர்த்த அதே ஸ்போர்ட்டிங் கழகம். அவருடைய தம்பி ஹேசூஸ் கோல் காப்பாளராகப் பணிபுரிந்த கழகம். பார்சலோனா மூன்றுக்கு ஒன்று என வென்றது. அவற்றுள் இரண்டைக் கினி அடித்தார். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தில், பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜ் கழகத்தை வீழ்த்திய கோலும் அவருடையதே.

இரண்டாவது செயலே அவரை மற்றை வீரரினின்றும் வேறுபடுத்துவது. கடத்தியோர் மீது அவர் வஞ்சம் பாராட்டவில்லை. நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்ததோடு, கினிக்கு 50 இலட்சம் பெசேட்டா இழப்பீடு கொடுக்குமாறும் பணித்தது. அப்பணத்தை அவர் வேண்டாமென விட்டுவிட்டார். இதனைக் கோழைத்தனம் என்றோ மறதி என்றோ கொள்ளலாகாது. சட்டம் தன் கடமையைச் செய்ய, பகையைத் தம் உள்ளத்திற் குடியிருத்த அவர் மறுத்தார் என்பதே பொருந்தும். நிலத்தடி அறையிற் கழிந்த நாட்களைப் பிறர் பறித்தனர். எஞ்சிய வாழ்நாளையும் அவர்களிடம் ஒப்படைக்க அவர் இசையவில்லை.

ஸ்பானிய நாட்டு அணிக்காக 35 ஆட்டங்களில் ஆடி 8 கோல்களை அடித்தார். 1978, 1982 ஆகிய இரு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் பங்குபற்றினார். 1984 இல் மீண்டும் கிஹோனுக்கே திரும்பி, 1987 இல் ஓய்வு பெற்றார். முதற் பிரிவில் அவரடித்த கோல்கள் 219. ஆயினும் லீக் கிண்ணம் ஒருமுறையேனும் அவர் கைக்கு வரவில்லை. துயரமும் அவரை விடவில்லை. 1993 இல் கடலில் அகப்பட்ட சிறுவரைக் காப்பாற்ற முனைந்த தம்பி ஹேசூஸ் உயிர்துறந்தார். பின்னாளிற் புற்றுநோயும் கினியைத் தாக்கிற்று. இவற்றையெல்லாம் தாங்கி, அவர் தம் பழைய கழகத்துக்கே பணி செய்து வந்தார்.

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் நாள் கிஹோன் நகரில் மாரடைப்பால் அவர் காலமானார். இறுதி வணக்கம் 'எல் மொலினோன்' மைதானத்தில் நடைபெற்றது. மக்கள் பெருந்திரளாகக் கூடினர். ஸ்பெயினின் தொன்மையான மைதானங்களுள் ஒன்றாகிய அது, அவ்வாண்டு முதல் அவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கின்றது. கோலடித்தோர் பலர், அவர்தம் கணக்குகளைப் பின்வருவோர் முறியடிப்பர். பிழை செய்தோரிடம் பகை பாராட்டாத பெருமையோ பிறர் முறியடிக்கக்கூடிய கணக்கன்று.