கையொப்பம் கேட்ட தாள்



சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, நாட்கணக்கில் நீரையும் வானையும் அன்றி வேறொன்றும் காணாமல் வந்து, இத்தீவுகளில் கால் வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிற் பலர். போர்ட் பிளேயர் என்று நாம் நெடுநாள் வழங்கிவந்த தலைநகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்நகரின் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் இன்று நம் இல்லத்துப் பெண்கள் பணிபுரிகின்றனர். காலையில் அவர்கள் புறப்படும்போது, "சாப்பாடு எடுத்துக்கொண்டாயா அம்மா?" என்று கேட்கிறோம். மாலையில் திரும்பும்போது, "இன்று உன் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்ததா?" என்று கேட்கிறோமா? இல்லை என்றே சொல்ல வேண்டும். கேளாத அக்கேள்வியைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

பெண் கல்வி கற்க வந்த காலத்தில் அவளுக்கு முன்னே முதலில் தொங்கியது ஒரு திரை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண் மாணவர்கள் காணாதவாறு திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார். அவரே 1912ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். பின்னாளில் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். காலப்போக்கில் திரை விலகியது. ஆனால் திரை இருந்த இடத்தில் ஒரு தாள் வந்து சேர்ந்தது. "இதில் கையொப்பம் இட்டால் உள்ளே வரலாம்" என்றது அத்தாள்.

குடகு நாட்டிற் பிறந்து, சென்னையில் கல்வி பயின்ற சி. பி. முத்தம்மா, 1949ஆம் ஆண்டில் இந்திய அயலகப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணியானார். திருமணம் செய்துகொண்டால் பதவி துறப்பேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆடவர் எவரிடமும் அத்தகைய உறுதிமொழி கேட்கப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, அவர் உச்ச நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டினார். வழக்கு நடக்கையிலேயே பதவி உயர்வு வந்தது. எனினும் 1979ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர், அவ்விதிகளைக் கண்டிக்காமல் விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரியின் கடமைக்கு இடையூறு என்றால், ஆண் அதிகாரிக்கும் அதே இடையூறு உண்டன்றோ என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இது தலைநகர் தில்லியில் நிகழ்ந்தது. நம் தீவுகளிலும் அத்தகைய தாள் ஒன்று கேட்கப்பட்டது என்பதைப் பலர் அறியமாட்டோம்.

மதுமாலா சட்டோபாத்யாய என்ற வங்கப் பெண்மணி மானிடவியல் கற்றவர். இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் அந்தமான் பழங்குடியினரிடையே ஆய்வு செய்ய முன்வந்தார். தனியொரு பெண்ணைக் காட்டிற்கும் கடலுக்கும் அனுப்புவதா என்று தயங்கினார்கள். வட சென்டினல் தீவுக்குச் செல்லும் குழுவில் அவர் சேர்வதற்கு முன், தமக்கு ஊறு நேர்ந்தாலோ உயிர் போனாலோ அரசிடம் இழப்பீடு கோரமாட்டோம் என்று அவரும் அவருடைய பெற்றோரும் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

1991ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள். அக்குழு சென்டினல் தீவின் கரையை அணுகியது. அதற்கு முன் அங்கே சென்ற படகுகளில் பல, அம்புகளையே விடையாகப் பெற்றுத் திரும்பியிருந்தன. அத்தீவில் தென்னை இல்லை. ஆகவே தேங்காய்களை நீரில் மிதக்கவிட்டனர். மதுமாலா, ஓங்கே மக்களிடம் தாம் கற்ற மொழியில் அத்தீவினரைக் கூவி அழைத்தார். சிலர் நீரில் இறங்கிவந்து தேங்காய்களை எடுத்தனர். அப்போது இளைஞன் ஒருவன் அவரை நோக்கி வில்லை வளைத்தான். அருகில் நின்ற அத்தீவுப் பெண்ணொருத்தி அவனைத் தள்ளிவிடவே, அம்பு குறி தவறி நீரில் வீழ்ந்தது என்பது மதுமாலா பின்னர்க் கூறிய செய்தி. அம்மக்களோடு பகையின்றி நெருங்கிய முதற் பெண்ணாக அவர் போற்றப்படுகிறார்.

இன்று அத்தகைய பயணங்கள் நின்றுவிட்டன. அத்தீவை எவரும் அணுகலாகாது என்பதே இன்றைய ஏற்பாடு. நம்மிடமிருந்து தொற்றும் நோயைத் தாங்கும் வலிமை அம்மக்களுக்கு இல்லையாதலின் அதுவே முறையுமாகும். நாம் எண்ண வேண்டியது வேறொன்று.

பெண் என்பதால் இவர் இடையூறாவார் என்று தாள் கூறியது. கரையிலோ, குழுவில் ஒரு பெண் இருந்ததே பகைமையற்ற நோக்கத்திற்கு அடையாளமாயிற்று. "ஆகவே பெண்ணைச் சேர்ப்பது நல்லது" என்று நாம் உடனே முடிவு கட்டிவிடக்கூடும். அதுவும் பிழையே. பெண் என்பதற்காக விலக்குவது ஒரு பிழையென்றால், பெண் என்பதற்காக மட்டும் அமர்த்துவது மற்றொரு பிழை. அன்று படகில் நின்றது வெறும் பெண்ணுருவம் அன்று. லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களிடையே தங்கி, அவர்கள் பேச்சையும் பழக்கத்தையும் கற்ற ஓர் ஆய்வாளரே அங்கு நின்றார். அக்கல்வியை அன்றோ முதலில் எண்ணியிருக்க வேண்டும்?

நம் அலுவலகங்களைச் சற்றே நோக்குவோம். குரலை உயர்த்திப் பேசினால், "பெண்ணா இவள்?" என்பார்கள். தணிந்து பேசினால், "இவளால் நிர்வாகம் செய்ய முடியுமா?" என்பார்கள். கூட்டத்தில் அவள் சொன்ன யோசனை காற்றில் போகும். அதையே அரை நாழிகை கழித்து ஓர் ஆடவர் சொன்னால் குறிப்பேட்டில் ஏறும். விருந்தினர் வந்தால் தேநீருக்கு ஏற்பாடு செய்யும்படி அவளை நோக்கியே கண்கள் திரும்பும். இவற்றுக்கு அஞ்சி, நம் பெண்களுட் சிலர் வீட்டில் ஒருத்தியாகவும் அலுவலகத்தில் வேறொருத்தியாகவும் வாழப் பழகிவிடுகின்றனர். நாள்தோறும் வேடம் புனைவதும் ஓர் உழைப்பே. அதற்குச் சம்பளம் கொடுப்பார் எவருமில்லை.

காட்டிலும் கடற்கரையிலும் பழங்குடியினரிடையே ஆறாண்டுகள் தனியே பணிபுரிந்தபோது, ஆடவர் எவரும் தம்மிடம் தகாத முறையில் நடந்ததில்லை என்று மதுமாலா கூறியிருக்கிறார். நாகரிகம் மிக்கவர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நாம், இச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிய வேண்டாமா? நம்மவர்க்கோ அதற்கென ஒரு சட்டம் தேவைப்பட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் உட்குழு ஒன்று இருக்க வேண்டும், அதற்குப் பெண்ணே தலைமை ஏற்க வேண்டும், நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் முறையீடு செய்யலாம் என்பவை அதன் முதன்மையான விதிகள். உறவும் ஊரும் தொலைவில் இருக்க, கடல் கடந்து வாழும் நம் பெண்கள் இவற்றை அறிந்திருத்தல் மிகவும் இன்றியமையாதது.

ஆயினும் சட்டம் எட்டாத இடங்கள் பல. ஏளனச் சிரிப்பைப் பிடித்து எந்தக் குழுவின் முன்னும் நிறுத்த முடியாது. அங்கே வேண்டுவது உடனிருப்போரின் துணிவு. "இந்த யோசனையை முதலில் சொன்னவர் அந்த அம்மையார்" என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துரைத்தால் போதும். மாலையில் களைத்துத் திரும்பும் மகளிடமோ மருமகளிடமோ, நாம் முன்பு சொன்ன அக்கேள்வியைக் கேட்டுவிட்டு, விடையைப் பொறுமையோடு செவிமடுத்தால் போதும். அம்பு விடப்பட்ட வேளையில் கை நீட்டித் தள்ளிவிட்ட அந்தத் தீவுப் பெண், எந்தச் சட்டத்தையும் படித்தவள் அல்லள்.