வழியும் தடமும்
(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பயண இலக்கியம் பற்றிப் பேசவந்தவன் மோட்டார் சைக்கிளிற் பூட்டும் ஒரு கருவியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். நெடுந்தூரம் ஓடுபவர் வைத்திருக்கும் ஜீ.பி.எஸ். வழிகாட்டிக் கருவி பழுதடைகிறது. அவர் புதியதொன்றை வாங்குகிறார். பழையதில் இருந்தவற்றைப் புதியதில் ஏற்றுகிறார். இந்தக் கடைசிச் செயல் இலக்கிய மாணாக்கருக்கு அந்நியமானதன்று. செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

1968ஆம் ஆண்டுக் கோடையில் றொபேட் பேர்சிக் என்னும் அமெரிக்கர் தம் மகனைப் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிளிற் சென்றார். அப்பயணத்திலிருந்து பிறந்த நூல் 1974இல் வெளிவந்தது. 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். பெருந்தெருக்களை விடுத்துச் சிறு வீதிகளையே விரும்பியதை நூலின் தொடக்கத்திலேயே அவர் எடுத்துரைக்கிறார். கடதாசி வரைபடமே அன்று துணை.

வானத்துத் துணை பின்னரே வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முதலாவது ஜீ.பி.எஸ். செய்மதி 1978இல் ஏவப்பட்டது. முறைமை முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது 1995இல். பொதுமக்கள் பெறும் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவிடப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இக்கருவிகள் சாதாரண மக்களிடையே பரவலாயின. 2006இல் கார்மின் நிறுவனம் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென்றே 'சூமோ 550' என்ற கருவியை வெளியிட்டது. மழை புகாத உடல். கையுறையோடு தொடத்தக்க திரை. ஓடும்போது வலக்கை வேகப்பிடியை விடமுடியாது என்பதை எண்ணிப் பொத்தான்களை இடப்பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஓடிப் பார்த்தவன் ஒருவன் அருகில் நின்று யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

பத்தாண்டு வெயிலும் அதிர்வும் பட்ட கருவி எவ்வாறு முதுமை எய்துகிறது? பற்றரி மின்னைத் தாங்குவதில்லை. இணைப்புத் துளையை மூடும் றப்பர் இறுகி வெடிக்க, ஈரம் உள்ளே செல்கிறது. தாங்கியின் சிறு ஊசிமுனைகளிற் பச்சைக் களிம்பு படிகிறது. திரையில் ஓரிடத்தைத் தொட்டால் வேறோரிடத்தைத் தொட்டதாகக் கருவி எண்ணுகிறது. வரைபடமோ புதுப்பிக்கும்தோறும் பருத்துக்கொண்டே போகிறது. நினைவகம் பழைய அளவிலேயே நிற்கிறது.

காலக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. செய்மதிகள் வாரங்களை எண்ணி அனுப்பும் பழைய சமிக்ஞையில் 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1999 ஓகஸ்டில் ஒருமுறையும், 2019 ஏப்ரலில் மறுமுறையும் அவ்வாறு நேர்ந்தது. திருத்தம் பெறாத கருவிகள் இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டே, திகதியை மட்டும் ஏறத்தாழ இருபதாண்டு பின்னுக்குத் தள்ளக்கூடும். முதியவர்களின் நினைவு போலத்தான்!

கைத்தொலைபேசி இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்பாரும் உளர். ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோனின் கமெராவைப் பாதிக்கக்கூடும் என்று அதைச் செய்யும் அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. ஆகவே தனிக்கருவியை நாடுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். கருவியின் வயிற்றில் மூவகைப் பதிவுகள் உண்டு. ஓட்டி குறித்துவைத்த இடங்கள் ஒருவகை: பெற்றோல் நிலையம், தங்குமிடம், நல்ல தேநீர்க் கடை. அடுத்தது வழி. மூன்றாவது தடம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். வழி என்பது இனிச் செல்லவேண்டியது. ஓட்டி இட்ட சில புள்ளிகளும் அவற்றிடையே செல்லும் முறையைக் கருவி போட்ட கணக்கும் சேர்ந்தது. தடம் என்பது சென்று முடிந்தது. இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நின்றேன் என்று புள்ளி புள்ளியாக விழுந்த சுவடு.

தடத்தைப் புதிய கருவிக்கு மாற்றினால் அது பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். வழி அவ்வாறன்று. புதிய கருவி தன் புதிய வரைபடத்தையும் தன் விருப்பத் தெரிவுகளையும் வைத்துக் கணக்கை மறுபடி போடக்கூடும். பெயர் அதே பெயர், தொடக்கமும் முடிவும் அவையே. இடையில் உள்ள வீதி வேறாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் வேர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை மலைமுகட்டை ஒட்டிச் செல்லும் புளூ றிட்ஜ் பார்க்வே 469 மைல் நீளமானது. 1935இல் தொடங்கிய வேலை 1987இலேயே முற்றுப்பெற்றது. பாரவூர்தி அங்கே செல்லலாகாது. பெரும்பகுதியில் மணிக்கு 45 மைலே எல்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அது ஒரு யாத்திரைத் தலம். ஆனால் விரைவையே விரும்பும்படி அமைத்த புதிய கருவி அதை ஏன் தேரவேண்டும்? வேர்ஜீனியாவில் ஏறத்தாழ அதற்கு இணையாகவே 81ஆம் இலக்கப் பெருந்தெரு ஓடுகிறது. இடையிற் போதிய புள்ளிகள் இடப்படாவிட்டால் கருவி ஓட்டியைப் பாரவூர்திகளின் நடுவே கொண்டுபோய் விட்டுவிடும். தவறு செய்ததாக அதற்குத் தெரியாது. திருத்தியதாகவே எண்ணும்.

ஏடெழுதுவோர் செய்த பிழைகளுள் எழுத்துப் பிழை எளிதிற் பிடிபடுவது. அரிய சொல்லொன்றைக் கண்டு, இது பிழையாக இருக்கும் என்று கருதித் தமக்குத் தெரிந்த சொல்லைப் பெய்தார்களே, அதுதான் பொல்லாதது. அடி ஓடும், பொருளும் வரும், புலவன் சொன்னது போய்விடும். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது இதனாலேதான். கருவி மாற்றுவோரும் அதையே செய்தல் வேண்டும். முதலிற் பழையதிலுள்ள அனைத்தையும் கணினியிற் படியெடுத்துவிட வேண்டும். தடம் நினைவகம் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும் கருவிகளும் உண்டு, தாமதம் ஆகாது. பிறகு பழைய தடத்தையும் புதிய கருவி காட்டும் வழியையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். பிரிகின்ற இடத்தில் வீதியின் மேலேயே இன்னொரு புள்ளியை இடவேண்டும். பழையதைக் கைமாற்றுமுன், அதில் 'வீடு' என்று குறித்திருக்கும் இடத்தை அழித்துவிடுவது நல்லது.

தடமே மேல், கணக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? மலைபடுகடாத்திலே நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிர்ப்பட்டவனுக்குப் பன்றிக்கு வைத்த பொறியையும் பாம்பு உறையும் குழியையும் சொல்லி அனுப்புகிறான். போய் வந்தவனின் சொல் என்பதே அதன் வலிமை. ஆனால் அச்சொல்லும் அவன் போன நாளுக்கே உரியது. 2024 செப்டெம்பரில் ஹெலீன் சூறாவளியால் வட கரோலினாவில் பார்க்வேயின் பல பகுதிகள் மண்சரிவுக்குள்ளாகி மூடப்பட்டன. அதற்கு முந்திய தடத்துக்கு இது தெரியாது. அங்கே அன்றைய அறிவித்தலைத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் தடத்திலே இல்லை. கணினித் திரையில் ஒரு பழைய தடத்தை விரித்துப் பாருங்கள். ஓரிடத்திற் புள்ளிகள் குவிந்து கிடக்கும். அங்கே அரைமணி நேரம் நின்றிருக்கிறார். மழைக்கு ஒதுங்கினாரா, ரயர் போயிற்றா, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாரா? அது புள்ளிகளில் இல்லை. யாராவது எழுதியிருந்தால் உண்டு.

பேர்சிக் எழுதினார். பின்னாசனத்தில் இருந்து வந்த மகன் கிறிஸ் 1979இல், அந்தப் பயணம் சென்று முடிந்த அதே சான் பிரான்சிஸ்கோ நகரிற் கொலையுண்டான். பின்னைய பதிப்பிலே தந்தை அதைப் பற்றியும் ஒரு பின்னுரை சேர்த்தார். அவர்களை ஏற்றிச் சென்ற ஹொண்டா இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது.