32760 இற்கு எத்தனை விடை?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியொருவர் ஆற்றிய உரை)



ஆண்டு 8இல் எங்கள் கணித ஆசிரியை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒரு புதிர் தருவார். ஹந்தானைப் பக்கம் மழை கறுத்திருந்த ஒரு நாள், கரும்பலகையில் எழுதினார்: நான்கு சகோதரிகள். வயதுகள் வெவ்வேறு, எவருக்கும் 10இற்குக் குறையவில்லை, 20ஐத் தாண்டவுமில்லை. பெருக்கினால் 32760.

முதன்மைக் காரணிகளாகப் பிரித்தோம்: 2×2×2×3×3×5×7×13. 13ஐ இரட்டித்தால் 26. ஆகவே ஒருத்திக்கு 13. 7 தனியே நிற்க முடியாது, 21உம் ஆகாது, ஆகவே 14. எஞ்சியது 180. நான் 10, 18 என்று எழுதிவிட்டு முதலில் கையை உயர்த்தினேன். பக்கத்து வாங்குத் தோழி 12, 15 என்றாள். சண்டையே வந்துவிட்டது.

"இரண்டும் சரி. கேள்வியில் ஒரு தகவல் குறைகிறது. அதைக் கேளுங்கள்" என்றார் மிஸ். தோழிதான் கேட்டாள்: "மூத்தவளுக்கு வாக்குரிமை உண்டா?" இல்லை என்றார். நான் தோற்றேன்.

பேராதனையில் மருத்துவம் படித்து, உள்ளகப் பயிற்சியில் இருந்தபோது காய்ச்சலோடு ஒருவர் வந்தார். உடல்வலி, குருதிச் சிறுதட்டுக்கள் குறைவு. அது டெங்குக் காலம். டெங்கு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மறுநாள் கண் சிவந்து, சிறுநீர் குறைந்தது. மூத்த வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, என்ன தொழில்?" வயல் வேலை. எலிக்காய்ச்சல். சிறுதட்டுக்கள் அதிலும் குறையும். பெனிசிலின் ஒரு நாள் பிந்தியது. சிறுநீரகத்துக்காக இரண்டு வாரம் இரத்தச் சுத்திகரிப்பு. அவர் நடந்துதான் வீடு போனார். நான் அந்த 18ஐ நினைத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன்.

இராமானுஜன் இலண்டனில் பட்னியில் நோயுற்றிருந்தபோது ஹார்டி வாடகை வண்டியில் வந்து, அதன் இலக்கம் 1729, அதாவது 7×13×19, சுவையற்றது என்றார். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவிதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார் நோயாளி. இதை மிஸ் சொல்லித் தந்தார். அவர் சொல்லாத ஒன்றைப் பின்னர் வாசித்தேன். இராமானுஜனுக்குக் காசநோய் என்றே வைத்தியம் நடந்தது. 1920இல், 32 வயதில் இறந்தார். 1994இல் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். இளமையில் வந்த வயிற்றளைச்சல் அதற்கு ஒரு தடயம். உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. ஆனால் அமீபா நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது. அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தங்கைமாரே, உங்களுக்கும் ஒன்று. நமது கல்லூரியில் படிக்கும் மூன்று சகோதரிகளின் வயதுகளைப் பெருக்கினால் 2431. ஒரு விடையா, இரண்டா? தேநீர் முடியும்வரை மண்டபத்தின் பின்வாசலில் நிற்பேன்.